கெட்டிக்காரியும் விளையாட்டுப் பிள்ளையும்

வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா எங்கள் இருவரையும் ஒரே விதமாகத்தான் அறிமுகப்படுத்துவார். என் தலையில் கை வைத்து, "இவ கெட்டிக்காரி" என்பார். தம்பியைப் பார்த்து, "இவன் கொஞ்சம் விளையாட்டுப் பிள்ளை." அதில் கோபம் இருக்காது, ஏளனமும் இருக்காது. இருவர் மேலும் அவருக்குப் பாசம்தான். வந்தவர் என்னிடம் ஏதாவது பெருக்கல் கணக்கு கேட்பார், நான் பட்டென்று விடை சொல்வேன், எல்லோரும் பாராட்டுவார்கள். தம்பி அதற்குள் வெளியே ஓடியிருப்பான்.

இப்போது எனக்கு 46 வயது, அவனுக்கு 43. அந்தப் பத்து விநாடி அறிமுகம் எங்கள் இரண்டு பேரையும் எவ்வளவு தூரம் துரத்தி வந்தது என்பது எனக்குப் புரிந்து சில வருஷங்கள்தான் ஆகின்றன. அறிவுக்கும் மகிழ்ச்சிக்கும் என்ன தொடர்பு என்று யாராவது பேச்செடுத்தால் முன்பெல்லாம் அடித்துச் சொல்வேன்: "யோசிக்கத் தெரிஞ்சவங்களுக்கு நிம்மதி கிடையாது." இன்று அப்படிச் சொல்ல மாட்டேன். அது ஏன் என்பதைத்தான் எழுதுகிறேன். நன்றாகப் படிக்கிற பிள்ளை என்று பெயர் வாங்கி வளர்ந்து, பெரியவர்களான பிறகு ராத்திரியில் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்காவது இது உதவட்டும்.

முதலில் அந்த ஒரு ராத்திரியைச் சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்கு 38 வயது. ஒரு நிறுவனத்தின் நிதிப் பிரிவில் வேலை. அடுத்த ஆண்டுக்கான பட்ஜெட்டை நான்தான் தயாரித்திருந்தேன். கூட்டத்தில் அதைத் திரையில் போட்டு விளக்கிக்கொண்டிருந்தபோது, வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத ஒரு பையன் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினான். "மேடம், கூட்டல் 41ஆவது வரியோட நிக்குதுன்னு நினைக்கிறேன். 42 சேரல." பார்த்தேன். ஆமாம், சேரவில்லை. கடைசி நேரத்தில் ஒரு வரியைப் புதிதாக நுழைத்திருந்தேன், கூட்டல் சூத்திரம் அதை எடுத்துக்கொள்ளவில்லை. எக்செல்லில் வேலை செய்கிறவர்களுக்கு இது பழகிப்போன தவறு. நான்கு நிமிஷத்தில் சரிசெய்தேன். "நல்லவேளை, இங்கேயே பார்த்தோம்" என்றார் மேலதிகாரி. கூட்டம் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது.

நான் மட்டும் 42ஆவது வரியிலேயே நின்றுவிட்டேன். அன்று ராத்திரி மூன்றே முக்கால் வரை தூக்கம் வரவில்லை. எண்களைப் பற்றிய கவலை துளியும் இல்லை, அவைதான் சரியாகிவிட்டனவே. மனம் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. இதைக் கவனிக்காத நான் இன்னும் எதையெல்லாம் கவனிக்காமல் விட்டிருப்பேன்? போன வருஷக் கணக்கு சரியா? அந்தப் பையன் வெளியே போய் என்ன சொல்லியிருப்பான்? மேலதிகாரியின் குரலில் 'நல்லவேளை' கொஞ்சம் அழுத்தமாக விழுந்ததோ? இத்தனை வருஷம் எல்லோரும் என்னைத் தப்பாகத்தான் மதித்து வைத்திருந்தார்களோ? ஒரு கேள்வி முடிவதற்குள் அதிலிருந்து ஐந்து கிளைகள். ஒவ்வொரு கிளைக்கும் ஆதாரம், எதிர்வாதம், முன்னுதாரணம். பகலில் சம்பளம் வாங்கித் தந்த அதே மூளை, ராத்திரி சம்பளமே இல்லாமல் எனக்கு எதிராக வழக்கு நடத்தியது. அடுத்த மூன்று வாரங்கள் இரண்டு வருஷத்துப் பழைய கோப்புகளையெல்லாம் திறந்து திறந்து பார்த்தேன். எந்தத் தவறும் இல்லை. ஆனால் நிம்மதியும் வரவில்லை.

அப்போது எனக்கு இருந்த விளக்கம் இதுதான்: நான் அறிவாளி, அதனால் கஷ்டப்படுகிறேன். இந்த விளக்கத்தில் ஓர் ஆறுதல் இருந்தது. என் வருத்தத்தையே என் தகுதிக்குச் சான்றிதழாக அது ஆக்கித் தந்தது. அதனால்தான் அதை விட மனசே வரவில்லை.

முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. கனடாவில் 126 கல்லூரி மாணவர்களை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2015-ல் வெளிவந்தது. சொல்லாற்றல் சார்ந்த அறிவில் அதிக மதிப்பெண் எடுத்தவர்கள் கூடுதலாகக் கவலைப்படுகிறவர்களாகவும், நடந்ததை நினைத்து நினைத்து மறுகுகிறவர்களாகவும் இருந்தார்கள். சொற்களை நன்றாகக் கையாளுகிற மனத்துக்குக் கவலைக்கும் சொற்கள் தாராளமாகக் கிடைக்கும் போல என்று நான் புரிந்துகொண்டேன். அதே ஆய்வில் இன்னொரு பாதியும் உண்டு. சொல் சாராத அறிவில், அதாவது வடிவங்களையும் ஒழுங்குகளையும் பார்த்துப் புரிந்துகொள்கிற திறனில், மேலே இருந்தவர்கள் பிறரோடு பேசிப் பழகிய பின் 'அப்படிச் சொன்னேனே, இப்படிச் சொன்னேனே' என்று நோண்டுவது குறைவாக இருந்தது. ஆக, அறிவு என்று ஒரே மூட்டையாகக் கட்டி, அது மகிழ்ச்சியைக் கெடுக்கும் என்றோ கொடுக்கும் என்றோ சொல்ல வழியில்லை.

மறுகுவது என்று சொன்னேன் அல்லவா, அதில்தான் நான் மிகப் பெரிய தவறு செய்துகொண்டிருந்தேன். மறுகுவதை யோசிப்பது என்று நினைத்தேன். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்: அசையாமல் படுத்துக்கொண்டு எதையோ நினைப்பது. ஆனால் யோசனைக்கு ஒரு முடிவு உண்டு, மறுகுதலுக்குக் கிடையாது. சூசன் நோலன்-ஹோக்சிமா என்ற அமெரிக்க உளவியலாளர் இதையே வாழ்நாள் ஆய்வாகச் செய்தவர். 1989 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் பெரிய நிலநடுக்கம் வந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான், மனம் சோர்ந்தால் என்ன செய்வீர்கள் என்று அவர் 137 மாணவர்களிடம் கேட்டு வாங்கி வைத்திருந்தார். நிலநடுக்கம் கழிந்து பத்து நாளிலும், மறுபடி ஏழு வாரத்திலும் பார்த்தபோது, முன்பே தன் சோகத்தைத் திரும்பத் திரும்பக் கிளறும் பழக்கம் இருந்தவர்களுக்குத்தான் மனச்சோர்வு அதிகமாக இருந்தது.

இதைப் படித்த பிறகு எனக்கென்று ஒரு சோதனை வைத்துக்கொண்டேன். மனசுக்குள் ஓடுகிற கேள்வி 'ஏன்' என்று தொடங்குகிறதா, 'என்ன செய்வது' என்று தொடங்குகிறதா? 'ஏன் எனக்கு இப்படி', 'ஏன் நான் இப்படி' என்று இரண்டு சுற்று வந்துவிட்டால் அது மறுகுதல். அந்த இடத்தில் கேள்வியை மாற்ற வேண்டும்: நாளைக் காலை ஒன்பது மணிக்கு இதைப் பற்றி நான் செய்யக்கூடிய முதல் வேலை எது? பதில் இருந்தால் தலைமாட்டில் இருக்கும் நோட்டில் எழுதிவிடுவேன். இல்லையென்றால் 'செய்ய ஒன்றும் இல்லை' என்றே எழுதுவேன். இதைப் பார்க்க எளிதாகத் தெரியும். ஆனால் 'செய்ய ஒன்றும் இல்லை' என்று என் கையெழுத்தில் எழுதிப் பார்ப்பதற்கு முதல் மாதம் முழுக்க எனக்குப் பெரிய போராட்டமாக இருந்தது.

நோட்டு வைத்துக்கொள்ளுங்கள், அது ராத்திரிக்கு உதவும். 2018-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் 57 பேரைத் தூக்க ஆய்வுக்கூடத்தில் படுக்க வைத்தார்கள். படுப்பதற்கு முன் ஐந்து நிமிஷம் பாதிப் பேர் இனிச் செய்ய வேண்டிய வேலைகளை எழுதினார்கள், மீதிப் பேர் செய்து முடித்த வேலைகளை எழுதினார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக ஒன்பது நிமிஷம் முன்னதாகத் தூங்கினார்கள். அப்புறம், கவலைக்கென்று நேரம் ஒதுக்குவது என்று ஒரு முறை 1980களிலிருந்தே சிகிச்சையில் இருக்கிறது. தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் அரை மணி நேரம் கவலைப்படலாம். மற்ற நேரத்தில் கவலை வந்தால் 'சாயங்காலம் ஆறு மணிக்கு வா' என்று தள்ளிவைக்க வேண்டும். எனக்கு அரை மணி தேவைப்படவில்லை. ஆறு மணிக்கு உட்கார்ந்து பார்த்தால், காலையில் மலைபோலத் தெரிந்ததில் பாதி வந்திருக்காது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பு இல்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் நோட்டை நம்பிக்கொண்டிருக்காதீர்கள், மருத்துவரைப் பாருங்கள். நான் மூன்றாவது வாரத்தில் ஒரு மனநல ஆலோசகரிடம் போனேன். எட்டு முறை. நான் படித்தவள், என் மனசை நானே சரிசெய்துகொள்வேன் என்று நினைத்துத்தான் அதுவரை போகாமல் இருந்தேன். அந்த எண்ணமும் கெட்டிக்காரி என்ற பெயரிலிருந்து வந்ததுதான்.

அவர் முதல் நாளே கேட்ட கேள்வி இன்றும் எனக்குப் பயன்படுகிறது. "உங்க தோழி ஒருத்தர் இதே தப்பைப் பண்ணிட்டு வந்து அழுதா, என்ன சொல்வீங்க?" நான் யோசிக்கவே இல்லை. "ஒரு வரி விட்டுப்போச்சு, அவ்வளவுதானே, யாருக்கும் ஞாபகம்கூட இருக்காதுன்னு சொல்வேன்." சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரியாத பதில் இல்லை அது. எனக்கு மட்டும் சொல்லிக்கொள்ளாத பதில்.

இகோர் கிராஸ்மன், ஈதன் கிராஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2014-ல் இதைத்தான் காட்டினார்கள். அடுத்தவர் பிரச்சினை என்றால் மனிதர்கள் விவேகமாக யோசிக்கிறார்கள். அதே பிரச்சினை தன்னுடையது என்றால் அந்த விவேகம் குறைகிறது. ஊருக்கெல்லாம் நியாயம் சொல்லித் தன் வீட்டைக் கோட்டைவிட்ட சாலமோன் அரசனின் பெயரையே இதற்கு வைத்தார்கள். தன் பிரச்சினையை வெளியாள் ஒருவர் பார்ப்பதுபோல விலகி நின்று பார்க்கச் சொன்னபோது அந்த இடைவெளி மறைந்துவிட்டது. கிராஸ்மனும் அவர் குழுவினரும் 2013-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கும் ஒரு படி மேலே. அதில் அறிவுத்திறன் மதிப்பெண்ணுக்கும் மனநலனுக்கும் தொடர்பு தெரியவில்லை. தன் அறிவுக்கு எல்லை உண்டு என்று ஒப்புக்கொள்வது, இன்னொருவர் கோணத்தில் பார்ப்பது, விட்டுக்கொடுக்க வழி தேடுவது போன்ற விவேகத்துக்குத்தான் தொடர்பு இருந்தது. இப்போதும் ஏதாவது என்னை உலுக்கினால் நோட்டில் 'அவள்' என்று எழுதுகிறேன். 'அவள் இன்று கூட்டத்தில் பேச்சை நிறுத்திவிட்டாள். அவளுக்குக் களைப்பு.' நான் என்று எழுதினால் வாதாடத் தோன்றும். அவள் என்று எழுதினால் அவள் மேல் இரக்கம் வருகிறது.

இதெல்லாம் ராத்திரிகளைச் சரிசெய்தது. ஆனால் வேர் அங்கே இல்லை என்பதைக் காட்டியது தம்பிதான்.

அப்பாவுக்கு ஓர் அறுவை சிகிச்சை நடந்த ராத்திரி. நானும் அவனும் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். அவன் எலக்ட்ரீஷியன், நான்கு பேரை வைத்துச் சொந்தமாக வேலை எடுத்துச் செய்கிறான். கையைக் கட்டிக்கொண்டு, தலையைச் சுவரில் சாய்த்து, கண்ணை மூடியிருந்தான். பார்க்க நிம்மதியாக இருந்தது. "நீ கொடுத்து வெச்சவன்டா, உனக்குக் கவலையே கிடையாது" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

அவன் கண்ணைத் திறக்காமலே, "யாரு சொன்னது?" என்றான்.

கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். அப்புறம் சொன்னான். "ஒரு வேலைக்கு ஒப்பந்தம் போடணும்னா அதுக்கு முன்னாடி மூணு நாள் எனக்குத் தூக்கம் வராது அக்கா. அந்தத் தாள்ல என்ன எழுதியிருக்குன்னு முழுசாப் புரியாது. யாரையாவது கேட்டா மக்குன்னு தெரிஞ்சுடும். அதனால படிச்ச மாதிரி காட்டிக்கிட்டுக் கையெழுத்துப் போடுவேன். ரெண்டு தடவை ஏமாந்திருக்கேன். உன்கிட்டகூடச் சொல்லல."

"என்கிட்ட ஏன்டா சொல்லல?"

"உன்கிட்டதான் சொல்லவே முடியாது."

அவன் சிறு வயதில் ஓடியது விளையாடுவதற்கு அல்ல. என்னிடம் பெருக்கல் கேட்டு முடித்ததும் அடுத்து அவனிடம் கேட்பார்களோ என்ற பயத்தில் ஓடியிருக்கிறான். ஒவ்வொரு முறையும். எனக்கு அது தெரியவே தெரியாது. தனக்குத் தெரியாது என்பது யார் முன்னாலும் வெளிப்பட்டுவிடக் கூடாது என்று அவன் மறைத்து வாழ்ந்தான். நானும் அதைத்தானே செய்துகொண்டிருந்தேன்? எனக்கு அந்த 42ஆவது வரி, அவனுக்கு ஒப்பந்தத் தாள்.

அறிவு குறைவாக இருப்பவர் கவலையில்லாமல் இருப்பார் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். இது அவர்களுக்குச் செய்கிற அநியாயம் என்றுதான் இன்று நினைக்கிறேன். இங்கிலாந்தில் 2007-ல் எடுத்த ஒரு மனநலக் கணக்கெடுப்பில் 6,870 பேரின் விவரங்களைப் பார்த்தார்கள். ஐ.க்யூ., அதாவது அறிவுத்திறன் மதிப்பெண், 70 முதல் 99 வரை இருந்தவர்களிடம்தான் மகிழ்ச்சி மிகக் குறைவாக இருந்தது. 120 முதல் 129 வரை இருந்தவர்களிடம் கூடுதலாக இருந்தது. ஆனால் காரணத்தைத் தோண்டியபோது, வருமானம், உடல்நிலை, அன்றாடக் காரியங்களுக்குப் பிறர் உதவி தேவைப்படுவது, பதற்றம் போன்ற மனநலத் தொந்தரவுகள், இவற்றைக் கணக்கில் எடுத்ததுமே அந்தத் தொடர்பு பாதியாகக் குறைந்தது. அதாவது, அறிவு நேராக மகிழ்ச்சியைத் தருகிறது என்பது முழு விளக்கம் ஆகாது. படிவங்களும் ஒப்பந்தங்களும் நிறைந்த உலகத்தில் அது குறைவாக இருப்பவருக்கு வாழ்க்கையைக் கடினமாக்கி வைத்திருக்கிறோம். என் தம்பி தூங்காத அந்த மூன்று நாளும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

ஐ.க்யூ. சோதனைகளுக்கெல்லாம் தாய் எனப்படும் சோதனையை 1905-ல் பிரான்சில் ஆல்ஃப்ரெட் பினேயும் தியோடோர் சிமோனும் உருவாக்கியது, வகுப்பில் கூடுதல் உதவி தேவைப்படும் குழந்தைகள் யார் என்று கண்டுபிடிக்கத்தான். தம்பி போன்றவர்களுக்குக் கை கொடுப்பதற்காகப் பிறந்த ஒன்று, என்னைப் போன்றவர்களுக்கு மாலை போடும் கருவியாக மாறிவிட்டது. இதை நினைக்கும்போது எனக்கு இன்றும் வலிக்கிறது.

மாலை விழுந்தவர்கள் கதை என்ன ஆனது? அதற்கும் பதில் இருக்கிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லூயிஸ் டெர்மன் என்ற உளவியலாளர் 1921-ல், ஐ.க்யூ. மிக உயர்வாக இருந்த 1,500-க்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து வாழ்நாள் முழுக்கப் பின்தொடரும் ஆய்வை ஆரம்பித்தார். அவர் இறந்த பிறகும் அது தொடர்ந்தது. பெரும்பாலோர் நன்றாகவே வாழ்ந்தார்கள். ஆனால் அவர்களில் 399 பேரைப் பற்றி 1999-ல் வெளிவந்த ஒரு கட்டுரை என்னை நிறுத்திப் பிடித்தது. தான் இந்த மேதைகள் ஆய்வில் இருக்கிறோம் என்பதைச் சிறு வயதிலேயே தெரிந்துகொண்டவர்கள், நடுவயதில் 'என் திறமைக்கு ஏற்றபடி நான் வாழவில்லை' என்று நினைப்பது அதிகமாக இருந்தது. 80 வயதில் அவர்களுடைய மனநலனும் சற்றுக் குறைந்தே இருந்தது.

எல்லோரும் அறிவாளிகள்தான். வேறுபாடு, அந்தப் பெயர் எந்த வயதில் காதில் விழுந்தது என்பதில் இருந்தது. இதைப் படித்த அன்று அப்பாவின் கை என் தலையில் இருப்பதுபோல உணர்ந்தேன்.

ஸ்காட்லாந்தில் 1932 ஜூன் 1 அன்று, 1921-ல் பிறந்த ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே நாளில் ஒரே அறிவுச் சோதனை வைத்தார்கள். 87,000 பேருக்கும் மேல். அவர்களில் உயிரோடு இருந்தவர்களில் சில நூறு பேரை 80 வயது வாக்கில் தேடிப்பிடித்து, வாழ்க்கை திருப்தியாக இருக்கிறதா என்று கேட்டார்கள். 11 வயதில் எடுத்த மதிப்பெண்ணுக்கும் அந்தத் திருப்திக்கும் தொடர்பே இல்லை. நான் இதை அச்செடுத்து என் மேசையில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

சரி, பெயரைக் கீழே இறக்கிவைப்பது எப்படி? சொன்னவுடன் இறங்கிவிடாது. எனக்கு உதவியது, எனக்குக் கொஞ்சமும் வராத ஒன்றைப் போய்க் கற்றுக்கொண்டது. 41 வயதில் நீச்சல் வகுப்பில் சேர்ந்தேன். அதுவரை வராது என்று தெரிந்த எதையும் நான் தொட்டதே இல்லை. பாட்டு, வரைதல், வண்டி ஓட்டுவது, எல்லாவற்றையும் 'எனக்கு ஆர்வமில்லை' என்று சொல்லித் தவிர்த்திருக்கிறேன்.

தொடக்கநிலை வகுப்பில் என்னைத் தவிர மீதி எல்லோருக்கும் ஆறு, ஏழு வயது. குளத்தின் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் தண்ணீரில் வைத்து, வாயால் குமிழி விட வேண்டும். எனக்கு அது வரவில்லை. நான்காவது முறையும் இருமிக்கொண்டு எழுந்தபோது பக்கத்திலிருந்த சிறுமி சொன்னாள்: "ஆன்ட்டி, மூச்ச அடக்காதீங்க. 'ஊ'ன்னு சத்தம் போட்டுக்கிட்டே ஊதுங்க." அவள் சொன்ன மாதிரி செய்தேன். வந்தது. அவளுக்கு நான் யார், என்ன படித்தேன் என்பதெல்லாம் தெரியாது. குமிழி விடத் தெரியாத ஒரு ஆன்ட்டி, அவ்வளவுதான். தண்ணீருக்குள் முகத்தை வைத்தபடியே எனக்குத் தொண்டை அடைத்தது. அத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் எதையும் எதிர்பார்க்காத முதல் இடம் அது.

மிதப்பதற்கு மூன்று வாரம் ஆனது. பயிற்சியாளர் ஒவ்வொரு நாளும் ஒன்றையே சொன்னார்: "தலையைத் தூக்காதீங்க. தலை மேல வந்தா கால் உள்ள போகும்." எனக்குத் தலையை விடப் பயம். கழுத்தை விறைத்துக்கொண்டு, எங்கே போகிறோம் என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். இடுப்பு முதலில் இறங்கும், அப்புறம் கால். ஒரு நாள் களைத்துப்போய், பார்ப்பதை விட்டுவிட்டேன். காது தண்ணீருக்குள் போனது, வெளிச் சத்தம் நின்றது, கால் தானாக மேலே வந்தது.

அந்த 45 நிமிஷ வகுப்பில் என் மனம் எங்கும் அலையாது. அலைந்தால் மூக்கில் தண்ணீர் ஏறிவிடும். ஹார்வர்டைச் சேர்ந்த மாத்யூ கில்லிங்ஸ்வொர்த்தும் டேனியல் கில்பர்ட்டும் 2010-ல் 2,250 பேரின் செல்பேசிக்கு நினைத்த நேரத்தில் கேள்வி அனுப்பிப் பார்த்தார்கள். இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா, எப்படி உணர்கிறீர்கள்? கிட்டத்தட்ட 47 சதவீத நேரம் மனம் செய்கிற வேலையில் இல்லை. எந்த வேலையாக இருந்தாலும், மனம் வேறெங்கோ இருந்த நேரத்தில் மகிழ்ச்சி குறைவாகவே இருந்தது. அலையும் மனத்துக்கு அறிவு கூடுதலாக இருந்தால் அது இன்னும் தூரம் போகும் என்பது என் அனுபவம். கை, கால், மூச்சு மூன்றுக்கும் வேலை தருகிற ஒன்றை வாரத்தில் இரண்டு நாளாவது பிடித்துக்கொள்ளுங்கள். அது உங்களுக்கு நன்றாக வரக்கூடாது என்பதுதான் என் ஒரே நிபந்தனை.

தேர்வுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு வாஷிங் மெஷின் வாங்க 14 மாதிரிகளை அட்டவணை போட்டு 11 நாள் ஒப்பிட்டவள் நான். வாங்கிய பிறகும் வாங்காததைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். 2006-ல் ஓர் அமெரிக்க ஆய்வு, வேலை தேடும் மாணவர்களில் எல்லாவற்றிலும் ஆகச் சிறந்ததையே தேடுகிறவர்கள் 20 சதவீதம் கூடுதல் சம்பளத்தில் சேர்ந்தார்கள், ஆனால் கிடைத்த வேலையில் திருப்தி குறைவாக இருந்தார்கள் என்று காட்டியது. இப்போது நான் தேடுவதற்கு முன்பே மூன்று தேவைகளை எழுதிவிடுகிறேன். மூன்றும் பொருந்துகிற முதல் பொருளை எடுத்துவிட்டு, அதற்கு மேல் பார்ப்பதில்லை. உயிர் காக்கும் சிகிச்சைக்கும் வீடு வாங்குவதற்கும் இது பொருந்தாது; மற்ற பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும்.

என் மகளுக்கு இப்போது 13 வயது. அவளைப் புத்திசாலி என்று சொல்வதை நான் நிறுத்தி ஐந்து வருஷம் ஆகிறது. 1998-ல் கிளாடியா முல்லரும் கரோல் ட்வெக்கும் செய்த ஆய்வுகள் அதற்குக் காரணம். ஒரு சோதனையில் நன்றாகச் செய்த குழந்தைகளில் சிலரை 'நீ கெட்டிக்காரப் பிள்ளை' என்றும், சிலரை 'நன்றாக உழைத்திருக்கிறாய்' என்றும் பாராட்டினார்கள். அடுத்து கடினமான கணக்குகள் வந்து தோற்றபோது, கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கியவர்கள்தான் சீக்கிரம் சலித்துக் கைவிட்டார்கள், பிறகு எளிய கணக்கையும் முன்பைவிட மோசமாகச் செய்தார்கள், தங்கள் மதிப்பெண்ணைக் கூட்டிச் சொல்வதும் அவர்களிடம் அதிகமாக இருந்தது. எட்டு வயதில் அவள் ஒரு புதிருக்கு விடை கண்டுபிடித்துவிட்டு ஓடி வந்தபோது, நாக்கு நுனி வரை வந்த அந்த வார்த்தையை விழுங்கிவிட்டு, "எப்படிக் கண்டுபிடிச்ச, சொல்லு" என்றேன். அரை மணி நேரம் விளக்கினாள். நடுவில் எங்கே தப்புப் போனாள், எப்படித் திரும்பி வந்தாள் என்பதுதான் அதில் பாதி.

போன மாதம் தம்பி ஒரு காப்பீட்டுப் படிவத்தோடு வந்தான். அவனிடம் வேலை செய்கிற பையனுக்குக் கையில் அடிபட்டதற்கான படிவம். எட்டுப் பக்கம். முன்பென்றால் கொண்டு வந்திருக்கவே மாட்டான். இரண்டு பேரும் மேசையில் உட்கார்ந்தோம். நான் வாசித்தேன், அவன் எழுதினான். ஆறாவது பக்கத்தில் ஒரு கட்டம். கேட்டிருப்பது அவனுடைய நிறுவனத்தின் விவரமா, வேலை கொடுத்தவருடைய விவரமா என்று பிடிபடவில்லை. மூன்று முறை படித்தேன். பேனாவைப் பிடித்துக்கொண்டு அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்குத் தெரியலடா" என்றேன்.

"உனக்கேவா?"

"ஆமா. நெஜமாவே புரியல."

அவன் கொஞ்ச நேரம் படிவத்தைப் பார்த்தான். பிறகு அதைத் தன் பக்கம் இழுத்து, கடைசிப் பக்கத்தைத் திருப்பி, அங்கே இருந்த எண்ணைச் செல்பேசியில் அழுத்தினான். மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள். என் தம்பி தொண்டையைச் செருமிக்கொண்டு, "சார், இந்த ஆறாம் பக்கம் எனக்குப் புரியல, கொஞ்சம் சொல்லுங்க" என்றான்.